பெட்டியில் எழுதியிருந்தது வேறு: கருமுட்டை வளர்ச்சிக்குத் தரப்பட்ட லெட்ரோசோல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் பெண் 2019இல் எங்கள் மகப்பேறு மருத்துவமனைக்கு முதன்முதலாக வந்தபோது அவருக்கு வயது 27. திருமணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. காவிரிப் படுகையின் சிறு நகரம் ஒன்றில் கணவர், மாமியார், கணவரின் தம்பி ஆகியோருடன் ஒரே வீட்டில் வசித்து வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இதை எழுதுவதற்கு அவருடைய ஒப்புதல் உண்டு.

மாதவிலக்கு அவருக்கு 45 நாட்களுக்கு ஒருமுறை வரும். சில சமயம் 70 நாட்கள்கூடத் தள்ளிப்போகும். ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும், மக்கள் பொதுவாக ‘நீர்க்கட்டி’ என்று சொல்லும் சிறு முட்டைப் பைகள் ஓரமாக வரிசைகட்டி நின்றன. தைராய்டு அளவு சரியாக இருந்தது, கணவரின் விந்தணுப் பரிசோதனையில் குறை ஏதுமில்லை, சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கருக்குழாய்கள் இரண்டும் திறந்திருந்தன. முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை என்பது மட்டுமே தடையாக இருந்தது. குழந்தையின்மைக்கு வருவோரில் இது ஒப்பீட்டளவில் எளிதாகத் தீர்க்கக்கூடிய வகை.

எடையைக் குறைக்க ஆலோசனை சொல்லி, மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருவேளை எழுதிக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து வந்தவர் மூன்று வாரம் மட்டுமே அதைச் சாப்பிட்டதாகச் சொன்னார். அன்றைய கோப்பில் என் கையெழுத்தில் இருப்பது ஒரே வரி: ‘மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை.’ ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை என்று மாமியார் அடையாளம் கண்டுகொண்டதும், மருமகளுக்குச் சர்க்கரை இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்களோ என்று வீட்டில் பேச்சு எழுந்ததும், அதற்குப் பயந்தே அவர் நிறுத்தியதும் ஏழு மாதங்களுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தன. நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மெட்ஃபார்மின் தருவதும் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே செய்யும் பரிந்துரைதான். பின்னால் வரப்போவதற்கான முன்னறிவிப்பு அந்த ஒற்றை வரிக்குள் இருந்தது. நாங்கள் அதைப் படிக்கவில்லை.

தேர்ந்தெடுத்த மருந்தும் அதன் கதையும்

அடுத்த கட்டமாக, முட்டையை வளரச் செய்யும் மருந்து தேவைப்பட்டது. அதற்கென்றே அனுமதி பெற்ற க்ளோமிஃபீன் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்க, நாங்கள் லெட்ரோசோலைத் தேர்ந்தெடுத்தோம். ஏன் என்று விளக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

லெட்ரோசோல், மாதவிலக்கு முற்றிலும் நின்றுபோன பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக உருவானது. அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்றது. உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாக உதவும் அரோமடேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. புற்றுநோயில் நோக்கம் ஈஸ்ட்ரோஜனைக் கிடைக்காமற் செய்வது. அதே மாத்திரையை இளம் பெண்ணுக்கு மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாட்கள் மட்டும் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக உணரும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சினைப்பையைத் தூண்டுகிறது. க்ளோமிஃபீன் வேலை செய்யாத பெண்களிடம் இதைப் பயன்படுத்திய முதல் முடிவுகளைக் கனடா மருத்துவர்கள் 2001இல் வெளியிட்டார்கள்.

2005இல், லெட்ரோசோல் எடுத்த தாய்மாருக்குப் பிறந்த சுமார் 150 குழந்தைகளைப் பற்றி ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட சுருக்கம், இதயத்திலும் எலும்பிலும் குறைபாடுகள் கூடுதலாக இருக்கக்கூடும் என்று கூறியது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட தாய்மார்கள் ஆபத்துக் குறைந்த, பொதுவான கர்ப்பிணிகள், ஒப்பீடே கோணலானது. அந்தச் சுருக்கம் முழுக் கட்டுரையாக வெளிவரவே இல்லை. மறு ஆண்டே, 911 குழந்தைகளைப் பார்த்த மற்றொரு கனடா ஆய்வு, குறைபாடுகள் லெட்ரோசோல் பிரிவில் 2.4 விழுக்காடு, க்ளோமிஃபீன் பிரிவில் 4.8 விழுக்காடு என்று காட்டியது. ஆனால் பயம் முந்திக்கொண்டது. இந்தியாவில் 2011 அக்டோபரில், குழந்தையின்மைக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை மத்திய அரசு தடை செய்தது. 2017இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாங்கள் க்ளோமிஃபீனுக்குத் திரும்பியிருந்தோம்.

இடையே, 2014இல், நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வில் உயிருடன் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோல் பிரிவில் 27.5 விழுக்காடாகவும் க்ளோமிஃபீன் பிரிவில் 19.1 விழுக்காடாகவும் இருந்தார்கள். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டி லெட்ரோசோலையே முதல் தேர்வாகச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும், எங்கள் மருந்தகத்தில் இருந்த பெட்டியின் உள்தாளில் மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பயன்பாடுதான் அச்சாகியிருந்தது. கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. அனுமதி என்பது ஒரு நிறுவனம் எந்தப் பயனுக்காக ஆய்வுத் தரவுகளைக் கொடுத்து விண்ணப்பிக்கிறதோ அதற்கு மட்டும் கிடைப்பது. காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் மாத்திரைக்குப் புதிய பயனைச் சேர்க்கச் சொல்லிப் பணத்தைச் செலவழிக்க எவருக்கும் அவசரம் இருப்பதில்லை. ஆகவே மருத்துவ அறிவு ஓரிடத்திலும் பெட்டிக்குள் இருக்கும் தாள் இன்னோரிடத்திலும் நின்றுவிடுகின்றன. நாங்கள் இதற்குப் பழகிப்போனவர்கள். எங்கள் பிரசவ அறையில் குறைமாத வலியை நிறுத்தத் தரும் நிஃபெடிபின்கூட இரத்த அழுத்த மாத்திரைதான். அந்தப் பழக்கம்தான் எங்கள் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சிகிச்சையின் மூன்று மாதங்கள்

முதல் மாதம் 2.5 மி.கி. மாத்திரை, மாதவிலக்கின் 2ஆம் நாளிலிருந்து 6ஆம் நாள் வரை. 12ஆம் நாள் ஸ்கேனில் எந்த முட்டைப் பையும் 10 மி.மீ. தாண்டவில்லை. இரண்டாம் மாதம் 5 மி.கி.; 14ஆம் நாளில் முட்டைப் பை 20 மி.மீ. வளர்ந்து வெடித்தது, கரு தங்கவில்லை. மூன்றாம் மாதமும் 5 மி.கி.; 12ஆம் நாளில் 18 மி.மீ. அந்த மாதம் கரு தங்கியது.

மருந்தை முதலில் எழுதிய அன்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “இது முட்டை வளர்றதுக்கான மாத்திரைம்மா, அஞ்சு நாள் மட்டும்.” அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இம்மாத்திரை வேறொரு நோய்க்காக அனுமதி பெற்றது, இந்தப் பயனுக்கென்றே அனுமதி பெற்ற மற்றொரு மாத்திரை இருக்கிறது, இரண்டில் இதை நாங்கள் விரும்புவதற்குக் காரணம் இது என்ற மூன்று செய்திகளையும் நான் சொல்லவில்லை. கோப்பிலும் அவை இல்லை. புறநோயாளிப் பிரிவில் அன்று வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை, அது காரணமாகாது.

இன்னொரு குறையும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் மாத்திரை தொடங்குமுன் கர்ப்பமில்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையால் உறுதி செய்வது எங்கள் வழக்கம். முதல் இரண்டு மாதங்களுக்கு அது கோப்பில் பதிவாகியிருந்தது. மூன்றாம் மாதத்திற்குப் பதிவு இல்லை.

கர்ப்பம் உறுதியான பிறகு

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் உறுதியாகி, கடைசி மாதவிலக்கிலிருந்து 6 வாரம் 4 நாளில் எடுத்த ஸ்கேனில் 7 மி.மீ. நீளக் கருவும் இதயத் துடிப்பும் தெரிந்தன. ஃபோலிக் அமில மாத்திரை எழுதி அனுப்பினோம். அதை வாங்கக் கணவரின் தம்பி தெரு முனையிலுள்ள மருந்துக்கடைக்குப் போனபோது, அண்ணி முன்பு சாப்பிட்ட மாத்திரையும் வேண்டியிருக்குமோ என்று நினைத்து, முதல் மாதத்தில் மிச்சமாகி ஐந்து மாத்திரையோடு கிடந்த அட்டையையும் எடுத்துப்போனார். பல ஆண்டுகள் அனுபவமுள்ள கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு வாக்கியங்கள் சொன்னாராம்: “இது கேன்சர் மாத்திரையாச்சே தம்பி. நடுவுல தடைகூடப் பண்ணியிருந்தாங்களே.” இரண்டுமே தவறில்லை. மீதியைக் கைபேசி சொல்லிவிட்டது.

மறுநாள் காலை நால்வரும் வந்தார்கள். மாமியாரின் கையில் கைக்குட்டையில் முடிந்த அந்த அட்டை இருந்தது. நான் அறுவை அரங்கில் இருந்ததால் பணியிலிருந்த இளம் மருத்துவர் அவர்களைப் பார்த்தார். பதற்றத்தைத் தணிக்கும் எண்ணத்தில் அவர் “இதை நாங்க எல்லாருக்கும்தான் கொடுக்கிறோம்” என்றார். “எல்லாருக்குமா மேடம் கேன்சர் மாத்திரை கொடுக்கிறீங்க?” என்று கணவர் கேட்டது வரவேற்பறை வரை கேட்டது. கருவைக் கலைத்துவிடுவதே நல்லது, அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது குடும்பத்தின் முடிவாக இருந்தது. அன்று பேசப்பட்ட அரைமணி நேரத்தில் அந்தப் பெண் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று இளம் மருத்துவர் பிறகு என்னிடம் கூறினார். அன்று மாலையே அவர்களை வரச்சொன்னோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மாலையில் அவர்கள் வருமுன் நாங்கள் மூன்று மருத்துவர்கள் கோப்போடு உட்கார்ந்தோம். மாத்திரை எடுத்த நாட்களில் கரு இருந்ததா என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டும். அது தெரியாமல் ஆறுதல் சொல்லக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனைப் பதிவு இல்லாததால் வேறு சான்றுகளைத் தேடினோம். மூன்றாம் மாதம் 12ஆம் நாளில் முட்டைப் பை புதிதாக வளர்ந்துகொண்டிருந்ததும், பிறகு கருவின் நீளம் அந்த மாதவிலக்குத் தேதியோடு நாள் பிசகாமல் பொருந்தியதும் கரு அதற்குப் பிறகே உண்டானது என்பதைக் காட்டின. இது கிடைத்தது எங்கள் கவனத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

அடுத்து, அந்தப் பெண்ணை முதலில் தனியாகப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். கருவைத் தொடர்வதா வேண்டாமா என்பதில் சட்டப்படி வயது வந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும். கணவரின் ஒப்புதலோ மாமியாரின் ஒப்புதலோ தேவையில்லை. கலைக்க விரும்பினால் தடுக்க மாட்டோம், ஆனால் இம்மருந்தின் காரணமாகக் கலைக்க வேண்டிய மருத்துவத் தேவை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை, முடிவெடுக்க நாள் இருக்கிறது என்று சொன்னேன். அவர் சொன்னது: “எனக்கு இந்தக் குழந்தை வேணும் டாக்டர். ஆனா ஏதாவது குறையோட பிறந்தா, மாத்திரை சாப்பிட்டவ நான்தானே, என்னைத்தான் சொல்லுவாங்க.” மெட்ஃபார்மினை நிறுத்திய கதையையும் அப்போதுதான் சொன்னார்.

பிறகு நால்வரையும் உட்காரவைத்தேன். முதலில் சொன்னது மன்னிப்பு: இது புற்றுநோய்க்கான மாத்திரை என்பது சரி, நடுவில் தடை இருந்ததும் சரி, இரண்டையும் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்த வாக்கியத்தைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நாளைக்கு வழக்கு வந்தால் எதிராக நிற்கும் என்றார் சக மருத்துவர் ஒருவர். சொல்லாமல் இருந்ததால்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்பது என் எண்ணம்.

அதன்பின் ஒரு தாளில் கட்டங்கள் வரைந்தேன். இம்மருந்து இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. 6ஆம் நாளில் கடைசி மாத்திரை. அன்று 100 என்று வைத்துக்கொண்டால் 8ஆம் நாளில் 50, 10ஆம் நாளில் 25. கரு கருப்பையில் ஒட்டிக்கொள்ளும் 22ஆம் நாள் வாக்கில் எட்டு முறை பாதியாகி, 0.5க்கும் குறைவாகிவிடும். குழந்தையின் இதயம் உருவாகத் தொடங்குவதே ஐந்தாம் வாரத்தில். அதற்குள் கணக்கில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. கணவர் பேனாவை வாங்கித் தாமே கட்டங்களை எண்ணினார். உள்தாளின் எச்சரிக்கை கர்ப்பமான பின்பு மாத்திரை எடுப்பதைப் பற்றியது என்பது அவருக்கு அப்போது விளங்கியது. மாமியாருக்குக் கணக்கில் நாட்டமில்லை. “உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா கொடுப்பீங்களா டாக்டரம்மா?” என்று மட்டும் கேட்டார். கொடுப்பேன், ஆனால் என்ன மாத்திரை என்று சொல்லிவிட்டுக் கொடுப்பேன் என்றேன்.

எந்தச் சிகிச்சையும் இல்லாமல் கருத்தரிக்கும் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருப்பதையும் அன்றே சொன்னோம். அதை விட்டுவிட்டு, ஒன்றும் ஆகாது என்று உறுதி கொடுத்திருந்தால் கேட்பதற்கு இதமாக இருந்திருக்கும். அதே பிழையை இரண்டாம் முறை செய்ததாகவும் ஆகியிருக்கும்.

தொடர்ந்தது

மூன்று நாள் கழித்து அந்தப் பெண்ணும் கணவரும் மட்டும் வந்து கர்ப்பத்தைத் தொடர்வதாகச் சொன்னார்கள். 12 வாரத்திலும் 19 வாரத்திலும் எடுத்த ஸ்கேன்களில் குறை தெரியவில்லை. 22 வாரத்தில் குழந்தையின் இதயத்துக்கென்று தனி ஸ்கேன் எடுக்கத் திருச்சிக்கு அனுப்பினோம். மருத்துவக் காரணத்தால் அல்ல. 2005ஆம் ஆண்டுச் செய்தியில் இதயம் என்ற சொல் இருந்ததைக் குடும்பம் படித்திருந்தது என்பதால். அது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டு ஆபத்தைத் தேடும் பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கணவர் சொன்னார். இன்று அதே நிலை வந்தால் 19 வார ஸ்கேனோடு நிறுத்தியிருப்பேன்.

38 வாரம் 4 நாளில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. பிறவிக் குறை எதுவும் இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்த குழந்தையை வாங்கிய மாமியார் முதலில் செய்தது சுற்றிய துணியைப் பிரித்துக் கைவிரல்களையும் கால்விரல்களையும் எண்ணியதுதான். எண்ணி முடித்த பிறகே முகத்தைப் பார்த்தார்.

இக்குழந்தை நலமாகப் பிறந்ததை மருந்தின் பாதுகாப்புக்குச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறையோடு பிறந்திருந்தால் அது மருந்தின் குற்றம் என்றும் ஆகியிருக்காது. ஆனால் அதை அந்த வீட்டில் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள், நாங்கள் முன்பே சொல்லாததால்.

எங்கள் மறுபரிசீலனையும் மாற்றங்களும்

பிரசவம் முடிந்த பின் நடந்த கூட்டத்தில், மருந்துத் தேர்வில் பிழையில்லை என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. எழுந்த வாதம் வேறு: இவ்வளவும் சொன்னால் பாதிப் பேர் பயந்து ஓடிவிடுவார்கள் என்றார் சக மருத்துவர். ஓடட்டும், க்ளோமிஃபீன் கேட்கட்டும், அதுவும் மோசமான மருந்தில்லையே என்பதே நாங்கள் இறுதியில் வந்து சேர்ந்த இடம். அனுமதி பெற்ற மருந்து ஒன்று கையில் இருக்க மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு அவருடையதாக இருந்திருக்க வேண்டும், அவருக்குத் தெரியாமலே எங்களுடையதாக ஆகிவிட்டது.

இப்போது மாத்திரை எழுதுமுன் ஒரு பக்கத் தமிழ்த் தாளைக் கொடுத்து, படித்துக் காட்டி, வீட்டில் யாரிடம் காட்டுவீர்கள் என்று கேட்கிறோம். அதன் முதல் வரியே ‘இந்த மாத்திரையின் பெட்டியில் மார்பகப் புற்றுநோய் என்று எழுதியிருக்கும், உங்களுக்குப் புற்றுநோய் இல்லை’ என்பதுதான். தடை வந்ததும் விலகியதும் அதில் இருக்கின்றன. கர்ப்பமில்லை என்ற பரிசோதனை முடிவுக்குக் கோப்பில் தனிக் கட்டம் அச்சடித்துவிட்டோம். அது நிரம்பாமல் மருந்தகத்தில் மாத்திரை தரப்படாது. தேவையான எண்ணிக்கைக்கு மேல் அட்டை கொடுப்பதும் நின்றது. மாத்திரையை நிறுத்திவிட்டதாக ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்டு அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

தீராமல் நிற்பது மருந்துச் சீட்டு. எந்தப் பயனுக்காகத் தருகிறோம் என்பதைச் சீட்டிலேயே எழுதினால் கடைக்காரர் குழம்ப மாட்டார். ஆனால், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கடையில் தனக்குக் குழந்தையின்மைச் சிகிச்சை நடப்பது தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு, ‘மார்பக நோய்க்கு அல்ல, மருத்துவர் விளக்கித் தந்தது’ என்று எழுதி, சந்தேகம் இருந்தால் அழைக்க எங்கள் எண்ணையும் குறிப்பிடுகிறோம். கடைகளிலிருந்து அவ்வப்போது அழைப்பு வருகிறது. முதலில் அழைத்தவர், அந்தத் தெரு முனைக் கடைக்காரர்.